சாம்பிளை எங்கே அறுத்தீர்கள்?

வேலூரிலிருந்து நாட்றம்பள்ளி வரை உள்ள தோல் கம்பெனிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் கம்ப்யூட்டர் அறைக்குப் புதிதாக வந்து சேர்ந்திருப்பவர்களே, உங்களில் யாராவது ஒருவர் வாரம் தவறாமல் எனக்கு போன் செய்கிறீர்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். "சார், லைசென்ஸ் ரேட்டை ஏத்திட்டான். ஃப்ரீயா இருக்கிறதுல எது நல்லது சார்?" முப்பது வருஷம் இதே வேலையில் குப்பை கொட்டியவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக் கேட்கிறீர்கள். சத்தியமாகத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை இரண்டு மாதம் மாங்கு மாங்கென்று ஆராய்ந்து, கடைசியில் தப்பான இடத்தில் போய் முட்டிக்கொண்டவன் நான். அந்தக் கதையைச் சொல்கிறேன். பதில் இருந்தால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருந்தது ஆம்பூர் பைபாஸ் ஓரமாக ஒரு கம்பெனி. தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்தோம். கம்ப்யூட்டர் அறையில் ஒரே ஒரு பெரிய மெஷின். ஒரே வீட்டைத் தடுத்து ஏழு போர்ஷன் ஆக்கி ஏழு குடித்தனம் வைப்பது போல, அந்த ஒரு மெஷினுக்குள் ஏழு சர்வர்களை ஓட்டிக்கொண்டிருந்தோம். சம்பளத்துக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, இப்படி. ஏழாவது குடித்தனம்தான் எல்லாவற்றிலும் பழசு. தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷன் ஹாலில் ஒவ்வொரு தோலும் உருளைக்குள் போய் வரும்போது அதன் சதுர அடியைக் கணக்கிட்டு நம்பர் அடிக்கும் புரோகிராம் அதில்தான் இருந்தது. இந்தப் போர்ஷன் பிரிக்கிற மென்பொருளைப் பல வருஷம் முன்பே காசு கொடுத்து வாங்கியிருந்தோம்.

அந்த மென்பொருளைச் செய்த கம்பெனி ஒருநாள் கைமாறியது. புது முதலாளிகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் ஒரே தடவை வாங்குவதெல்லாம் கிடையாது, வருஷா வருஷம் சந்தா, அதுவும் பிராசஸருக்குள் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனைக்கும் சந்தா. நான் கோர்களை மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் மூன்று விடை வந்தது. எந்த விடையை எடுத்துக்கொண்டாலும் தொகை என்னவோ தலையைச் சுற்ற வைத்தது.

எங்கள் ஜி.எம். முதலாளி குடும்பத்துப் பிள்ளை. வயதில் என்னைவிட இருபது வருஷம் சின்னவர், தங்கமான மனுஷர்தான், ஆனால் செலவென்று வந்தால் கல். கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்.

"சார், இது ரொம்ப ஜாஸ்தி. உங்க டிபார்ட்மெண்டுக்குன்னு நான் ஒதுக்கறது இவ்ளோதான். இந்த லைசென்ஸா, ரெண்டாவது ஆளா, ரெண்டுல ஒண்ணுதான் முடியும். மார்ச்சுக்குள்ள சொல்லிடுங்க."

இரண்டாவது ஆள் என்றால் ஸ்டெல்லா. எங்கள் அறையில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். ஒன்பது வருஷமாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். ஒவ்வொரு மார்ச்சிலும் காண்ட்ராக்ட் புதுப்பித்து, ஒவ்வொரு பிப்ரவரியிலும் கொஞ்சம் இளைத்துப் போகிறவர். அவர் மகள் அப்போது வேலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். ஜி.எம். சொன்னதை நான் ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆக, இலவசமாகக் கிடைப்பதில் ஒன்றைப் பிடித்து ஏழு குடித்தனத்தையும் அதற்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிவிட்டால் ஸ்டெல்லா இருப்பார். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. குழப்பம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது.

நல்லதென்று நாலு பேர் சொன்னது இரண்டு. ஒன்றின் திரை ஆரஞ்சு நிறம், இன்னொன்றின் திரை பச்சை. நாங்கள் ஆரஞ்சு, பச்சை என்றே கூப்பிட்டோம். நாட்றம்பள்ளியில் ஒரு ஷூ கம்பெனியில் இருந்த என் தோஸ்த் ஆரஞ்சுதான் என்று சூடம் ஏற்றி அணைக்காத குறையாகச் சொன்னான். எங்களுக்கு மெஷின் சப்ளை செய்த திமிரிக்காரர், "ஆரஞ்சா? பச்சைய தவிர வேற எதையும் தொடாதீங்க சார்" என்றார். இணையத்தில் தேடினால் ஆரஞ்சுக்காரர்களும் பச்சைக்காரர்களும் எலெக்‌ஷன் சமயத்துக் கட்சிக்காரர்கள் மாதிரி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இலவசம் என்ற சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. ஆரஞ்சு இலவசம்தான், ஆனால் அப்டேட் ஒழுங்காக வர வேண்டுமென்றால் சந்தா. பச்சையும் இலவசம்தான், ஆனால் சில வசதிகளை நாமே கோத்துக் கட்டிக்கொள்ள வேண்டும், கட்டத் தெரியாவிட்டால் காசு கொடுத்து ஆளைக் கூப்பிட வேண்டும். ஆரஞ்சைத் திறந்தால் ஒவ்வொரு தடவையும் 'உங்களிடம் செல்லுபடியாகும் சந்தா இல்லை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். ஒருநாள் ஜி.எம். என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார் இது, காசு கட்டலன்னு போட்டிருக்கான்?"

"அது சும்மா சார். ஃப்ரீதான்."

"ஃப்ரீன்னா எதுக்கு சார் கேக்கறான்?"

நான் அந்தப் பெட்டியை மூடினேன். மறுநாள் அது மறுபடியும் வந்து நின்றது.

நாற்பது வரிசை வைத்து ஒரு பட்டியல் போட்டேன். ஒவ்வொரு வரிசைக்கும் ஆரஞ்சுக்கு இத்தனை மார்க், பச்சைக்கு இத்தனை மார்க். திங்கட்கிழமை கூட்டினால் ஆரஞ்சு ஜெயிக்கும். புதன்கிழமை ஒரு வரிசையைச் சேர்த்தால் பச்சை ஜெயிக்கும். "சார், நேத்து பச்சைன்னீங்களே" என்று ஸ்டெல்லா ஒருநாள் மெதுவாகச் சொன்னார். நான் கத்திவிட்டேன். "உங்களுக்கு என்னம்மா, பொறுப்பு என் தலையில" என்று செலக்‌ஷன் ஹால் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். அவர் திரும்பி உட்கார்ந்து கொண்டார். எனக்குக் குழப்பம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும், அந்த வயதிலும் அப்படித்தான். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் இதற்கும் வேலை இருக்கிறது.

பழைய மெஷின் பக்கத்தில் வைக்க ஒரு புது மெஷினை வாங்கியிருந்தோம். அதில் ஒரு வாரம் ஆரஞ்சைப் போட்டுப் பார்த்தேன், ஒரு வாரம் பச்சையைப் போட்டுப் பார்த்தேன். சோதனைக்காகப் புத்தம் புதிதாக ஒரு சர்வரை உண்டாக்கி, அதை ஏற்றினேன், இறக்கினேன், திடீரென்று கரண்டைப் பிடுங்கினேன். இரண்டிலுமே வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒன்றாவது சொதப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் ஆரஞ்சு என்று முடிவு செய்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அன்றைக்குப் பட்டியலைக் கூட்டியபோது ஆரஞ்சு முன்னால் இருந்தது, மறுபடி கூட்ட எனக்குத் தெம்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றுவதாக ஜி.எம்.மிடம் நாள் சொன்னேன்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை தோல் அளக்கிற மெஷினைத் தொட வேண்டாம் என்று சொல்வதற்காக நானும் ஸ்டெல்லாவும் செலக்‌ஷன் ஹாலுக்குப் போனோம். அங்கே சூப்பர்வைசர் ஓர் அம்மா. ஒடுகத்தூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர், நாற்பது வயதுகூட இருக்காது. தோலைக் கையில் எடுத்து ஒரு திருப்பு, ஒரு தடவல், சாக்பீஸால் ஒரு எழுத்து. அவர் போட்ட கிரேடை மாற்றிப் போட்ட வெளிநாட்டுக்காரனை நான் பார்த்ததில்லை. அவர் பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

நான் விஷயத்தைச் சொன்னதும் கை வேலையை நிறுத்தாமலே கேட்டார்.

"புதுசுல ஓட்டிப் பாத்துட்டீங்களா சார்?"

"ரெண்டு வாரம் பாத்தாச்சும்மா. ஜம்முன்னு ஓடுது."

"எத ஓட்டிப் பாத்தீங்க?"

"சோதனைக்குன்னே புதுசா ஒண்ணு பண்ணி ஓட்டினோம்."

அவர் மேஜை மேல் கிடந்த தோலைத் தட்டினார். "சார், வாங்கற பார்ட்டிக்கு சாம்பிள் அனுப்பச் சொன்னா எல்லாரும் எங்க அறுப்பாங்க தெரியுமா? முதுகுல, வாலாண்ட. அந்த எடம் கெட்டியா, நைஸா இருக்கும். வவுத்துல அறுக்க மாட்டாங்க. வவுறு லூசு, இழுத்தா வந்துகினே இருக்கும். வெவரமான பார்ட்டியா இருந்தா முதுகு துண்ட வாங்கி ஓரமா வச்சிட்டு, வவுத்துத் துண்டு எங்கன்னுதான் கேப்பான். நீங்க சாம்பிள எங்க அறுத்தீங்க?"

"கம்ப்யூட்டருக்கு முதுகு, வயிறெல்லாம் கிடையாதும்மா" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், இனி யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று இருந்தது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். மூன்று மணிக்குள் ஏழு குடித்தனமும் ஆரஞ்சுக்கு வந்து சேர்ந்தன. ஏழுக்கும் விளக்கு எரிந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில், ஸ்டெல்லாவிடம், "பழைய மெஷினைச் சுத்தமா அழிச்சிட்டு அதுலயும் ஆரஞ்சைப் போட்டுடுங்க. அந்தப் பழைய மென்பொருள் நம்ம வாசல்ல இருக்கவே கூடாது. லெட்டர்ல போட்டிருக்கிற தேதிக்கு அப்புறம் வச்சிருந்தா அபராதம் போடுவான்" என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன். அந்தக் கடிதத்தில் தொகை இருந்த பக்கத்தைத்தான் நான் பல தடவை படித்திருந்தேன். மற்ற பக்கங்களைப் புரட்டினேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இண்டர்காம் அடித்தது. ஒடுகத்தூர் அம்மா.

"சார், மெஷின் தோல இழுக்குது, நம்பர் போட மாட்டேங்குது."

ஓடினேன். திரையில் ஒரு பெட்டி. இந்த லைசென்ஸ் இந்தக் கம்ப்யூட்டருக்கு உரியதல்ல என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அந்தப் பழைய புரோகிராம், தான் குடியிருக்கும் மெஷினின் அடையாள எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வேலை செய்யுமாம். வீடு மாறியதும் எண் மாறிவிட்டது. விளக்கு எரிந்தது, குடித்தனமும் விழித்துக்கொண்டது, ஆனால் முதல் தோல் உள்ளே போகும் வரை அது வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு தோலைக்கூட விட்டுப் பார்க்கவில்லை. அந்தப் புரோகிராமைச் செய்து கொடுத்த சென்னைக் கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு டிராவல்ஸ்காரர் எடுத்தார். அந்தக் கம்பெனி மூடி வெகு நாளாயிற்றாம், நம்பர் இவருக்கு வந்திருக்கிறது.

மேஜைகளில் தோல் குவிந்துகொண்டே போனது. அளவு போடாத தோலுக்கு பேக்கிங் லிஸ்ட் கிடையாது, லிஸ்ட் இல்லாமல் கண்டெய்னர் கிளம்பாது. புதன்கிழமை அது சென்னைத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். ஜி.எம். வந்து நின்றார். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம்.

"இந்த பேஜாரே வேணாம் சார். அந்த லைசென்ஸுக்கே காச கட்டிடலாம். இன்னிக்கே கட்டிடலாம். பழசுக்கே போயிடுங்க."

ஸ்டெல்லா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். லைசென்ஸ் என்றால் இரண்டாவது ஆள் இல்லை. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காசு கட்டினாலும் திரும்பிப் போக எங்களிடம் பழசு எங்கே இருக்கிறது? அழிக்கச் சொன்னவன் நான். ஜி.எம்.மைப் பார்க்காமல் திரையில் இருந்த பெட்டியையே மறுபடி மறுபடி படித்தேன்.

"சார், ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா" என்றார் ஸ்டெல்லா.

வராந்தாவுக்கு வந்ததும், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் அழிக்கல சார்."

நம்புங்கள், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட?" என்று குரல் ஏறியே விட்டது. அப்புறம்தான் அவர் சொன்னது மண்டைக்குள் போனது.

"அந்தக்கா கேட்டாங்கல்ல சார், சாம்பிள எங்க அறுத்தீங்கன்னு. யோசிச்சிப் பாத்தேன். நாம வவுத்துல அறுக்கவே இல்ல. ஏழாவதுதான் நம்மளுக்கு வவுறு. அதுல தோல் ஓடறத பாக்காம அழிக்க மனசு வர்ல."

"அபராதம் போட்டா?"

"அந்த லெட்டர முழுசா நாலு வாட்டி படிச்சிட்டேன் சார். முடியறது சப்போர்ட்டுதான். நாம அப்ப காசு குடுத்து வாங்கினது நம்மளுதுதான், ஓட்டிக்கலாம். புதுசா அப்டேட் வராது, அவ்ளோதான். நெட்ட கட் பண்ணி தனியா வச்சிட்டா போதும்."

அரை மணி நேரத்தில் ஏழாவது குடித்தனம் பழைய வீட்டுக்கே திரும்பியது. மற்ற ஆறும் ஆரஞ்சிலேயே இருந்தன. செலக்‌ஷன் ஹாலில் மெஷின் நம்பர் அடிக்கிற சத்தம் கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது. ஒடுகத்தூர் அம்மா என்னைப் பார்த்தார், அடுத்த தோலை எடுத்தார். கண்டெய்னர் புதன்கிழமை போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை மத்தியானமே ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. "சார், உங்க அனுபவம்னா அனுபவம்தான். பழச அழிக்காம வச்சிருந்தீங்களே, இதுக்குத்தான் பெரியவங்க வேணும்ன்றது."

ஆமாம் சார் என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுகூடத் தோன்றியது. லைசென்ஸ் வேண்டாம் என்று ஆகிவிட்டது, ஸ்டெல்லா வேலைக்கும் பயமில்லை, என் மானமும் தப்பிக்கும். ஸ்டெல்லாவும் வாயைத் திறக்க மாட்டார். இவ்வளவு வசதியாக ஒரு பொய் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

"இல்ல சார். அழிக்கச் சொன்னது நான். அழிக்காம வச்சது ஸ்டெல்லா" என்றேன்.

"நீங்க சொல்லியுமா?"

"நான் சொல்லியும்தான் சார். அவங்க வச்சது சரி. நான் சொன்னது தப்பு."

அவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

மார்ச் மாதம் எங்கள் அறைக்கு இரண்டு கவர் வந்தது. ஸ்டெல்லாவுக்கு வேலை நிரந்தரம். எனக்கு நன்றி. ரிடயர் ஆன பிறகு வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான், அந்த வருஷம் நீட்டிப்பு இல்லை. ஜி.எம்.மிடம் போய் நின்றேன். அவர் எழுந்து நின்றுதான் பேசினார்.

"எல்லாம் மாத்தியாச்சு, இனிமே ரெண்டு பேருக்கு அங்க வேலை இல்ல சார். ஒருத்தர்தான்னா யாருன்னு நான் யோசிக்கவே வேணாம்னு ஆயிட்டுது. நீங்களே சொல்லிட்டீங்களே."

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது எனக்குக் கோபமான கோபம், உண்மையைச் சொன்னதற்கு இதுவா பரிசு என்று. பள்ளிகொண்டா தாண்டும்போது நியாயம்தான் என்று பட்டது. வேலூரில் இறங்கும்போது மறுபடியும் கோபம். அது நியாயமா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது, நாற்பது வரிசைப் பட்டியல் போட்டாலும் தெரியப் போவதில்லை.

போன மாதம் ஸ்டெல்லா போன் செய்தார். பழைய மெஷின் சத்தம் போட ஆரம்பித்துவிட்டதாம். அதனால் அந்த ஏழாவது குடித்தனத்தை முதலில் எடுத்து, பழைய அடையாள எண்ணையே புது வீட்டுக்கும் கொடுத்து, உண்மையான தோலை விட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

"எதுலம்மா ஓடுச்சு? ஆரஞ்சா, பச்சையா?" எனக்குப் பதற்றமாகவே இருந்தது.

"ரெண்டுலயும் ஓடுது சார்."

"அப்ப எதும்மா நல்லது?"

"தெரியல சார்" என்று சிரித்தார். இரண்டு மாதம் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அப்புறம் இன்னொன்று சொன்னார். வேலை கூடிவிட்டதால் இரண்டாவது ஆள் கேட்டிருக்கிறார், ஜி.எம். சரி சொல்லிவிட்டார். இந்த வாரம் ஆள் எடுக்கிறார்கள். போனை வைக்கும் முன்பு, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"ஏம்மா, அழிக்கலன்னு ஞாயித்துக்கிழமையே ஒரு போன் பண்ணியிருக்கலாமே. ராத்திரி பூரா நீங்க தனியா அத மனசுல வச்சிகினு இருந்திருக்கீங்களே."

"கத்துவீங்கன்னு பயம் சார்."

அந்த நாற்காலியில் போய் உட்காரப் போகிறவர் உங்களில் யாரோ ஒருவர்தான். என்றாவது அழிக்கச் சொன்னதை நீங்கள் அழிக்காமல் வைத்திருந்தால், அன்றைக்கே ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் கத்த மாட்டார்.